குணா வந்தால் மட்டும் குளிரும் அறை

ஏர்கோனில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காற்று வரும் சத்தமும் கேட்டது. குளிர்தான் இல்லை.

கிளாங்கில் எங்கள் வீட்டின் பின்னறை அது. சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. கட்டிலில் என் தம்பி சேவியர் சட்டையில்லாமல் படுத்திருந்தான். மார்பிலும் கழுத்திலும் ஈரத் துண்டுகள். அம்மா ஒவ்வொரு துண்டாக எடுத்து வாளியில் நனைத்து, பிழிந்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். போட்ட சற்று நேரத்திலேயே துண்டு வெதுவெதுப்பாகிவிட்டது.

ஜன்னலைத் திறக்க வழியில்லை. வெளியே புகைமூட்டம். பின்வீட்டு மாமரம் பழுப்புத் துணி போர்த்தியது போல் மங்கலாகத் தெரிந்தது. கதவிடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்திருந்தும், எரிந்த கட்டையின் வாடை எப்படியோ உள்ளே வந்துவிட்டது.

சேவியின் காதிலிருந்து வெப்பமானியை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தது.

“எவ்ளோக்கா?”

“முப்பத்தெட்டு.”

“புள்ளிக்கு அப்புறம் என்னா?”

“அதெல்லாம் உனக்கு எதுக்கு?”

“என் உடம்பு லா. எனக்குத் தெரிய வேணாமா?” என்றான். சிரிக்கப் பார்த்தான். உதடு உலர்ந்து போயிருந்தது.

நான் கூடத்துக்கு வந்து குணாவுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. குணா எங்களுக்கு ஏர்கோன் பழுதுபார்க்கும் பையன். பையன் என்பது பழக்க தோஷம். அவனுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சூடு இன்னும் ஏறினால் ஆம்புலன்ஸ் என்று மனத்துக்குள் ஒரு கோடு கிழித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டவும் பயமாக இருந்தது. முந்தைய முறை ஆஸ்பத்திரிக்குப் போன சேவி, போன காரணம் சரியாகியும், அங்கே நெஞ்சில் சளி கட்டி மாதக்கணக்கில் படுத்துவிட்டான். இருமுவதற்கே அவனுக்கு இன்னொருவர் கை வேண்டும்.

அப்படியென்றால் அந்த அறை குளிர்ந்தாக வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வேர்க்காத உடம்பு

போன வாரம் இந்தப் பத்தியில், நாங்கள் வளர்ந்த பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், “உங்கள் வீட்டுக்கு ஏர்கோன் எந்த ஆண்டு வந்தது?” என்று கேட்டிருக்கிறார். தேதி, கிழமையோடு பதில் சொல்லக்கூடியவள்தான் நான். ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தின் கோப்புப் பிரிவில் வேலை பார்த்தே தலை நரைத்தவள். ஆனால் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர், “அக்கா, தேதியைக் குறைங்க. படிக்கிறவங்க என்ன பரீட்சையா எழுதப் போறாங்க?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகையால் அந்த வாசகர் மன்னிக்க வேண்டும்.

ஏர்கோன் எப்போது வந்தது என்பதைவிட ஏன் வந்தது என்று சொல்கிறேன்.

சேவி ஏர்கோன் மாட்டும் வேலை பார்த்தவன். அம்பாங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில், வெளியே வைக்கும் பெட்டியை இரும்புத் தாங்கியில் ஏற்றும்போது, கால் வைத்திருந்த கூரைத்தகடு விட்டுக்கொடுத்தது. கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. தோளும் முழங்கையும் கொஞ்சம் அசையும். மற்றபடி படுக்கைதான்.

நடக்க முடியாது என்பதை நாங்கள் சீக்கிரமே புரிந்துகொண்டோம். வேர்க்காது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் நாளானது. அடிபட்ட இடத்துக்குக் கீழே அவன் உடம்புக்கு வேர்க்கத் தெரியாது. அறை சூடானால் அவனும் சூடாவான். வெயிலில் விட்ட கார் மாதிரி.

நான் கையில் கிடைத்த மருத்துவப் புத்தகங்களையெல்லாம் படித்தேன். நரம்பு, மூளை, தோல் என்று பக்கம் பக்கமாக இருந்தது. அம்மாவுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க நான் திணறியபோது, சேவி குறுக்கே புகுந்தான்.

“அம்மா, ஏர்கோன் என்னா செய்யுது? உள்ள இருக்கிற சூட்டைத் தூக்கி வெளியில போடுது. வெளியில இருக்கிற பெட்டி கெட்டுப்போனா, உள்ள இருக்கிறது எவ்ளோ ஓடினாலும் வேஸ்ட்டு. எனக்கு வெளிப்பெட்டி செத்துப்போச்சு. அவ்ளோதான்.”

அம்மா அதற்குப் பிறகு மருத்துவர்களிடமே அப்படித்தான் சொல்வார். “என் மகனுக்கு வெளிப்பெட்டி வேலை செய்யாது டாக்டர்.” ஒரு இளம் மருத்துவர் தன் குறிப்பேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சொட்டும் பெட்டி

சேவிக்கு இந்தத் தொழிலில் ஆசை வந்தது எங்கே என்றால், அது பிரிக்ஃபீல்ட்ஸில்.

அப்பா ரயில்வேயில் சமிக்ஞைப் பிரிவில் இருந்தார். குடியிருப்பின் கூரை உயரமானது. நடுவில் ஒரு விசிறி. அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை அப்பா மட்டுமே தொடலாம். அவர் பணிக்குப் போனதும் சேவி ஸ்டூல் போட்டு ஏறிக் குமிழைக் கடைசிவரை திருகுவான். திரும்பி வந்த அப்பா, “யாருலா இது, வீட்டைப் பறக்க வைக்கிறது?” என்பார்.

முனையில் ஒரு மருத்துவரின் கிளினிக் இருந்தது. சுவரில் ஓட்டை போட்டுச் சொருகிய பெட்டி ஏர்கோன், முழங்கை நீட்டுவது போல் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து தண்ணீர் சொட்டும். குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அது ஐஸ் தண்ணீர் என்று நம்பிக்கை. பால் டின்னில் பிடித்துக் குடித்தவன் என் தம்பி. குடித்துவிட்டு, “தகர வாசம் அடிக்குது” என்று தீர்ப்புச் சொன்னான். பிறகு கையைப் பெட்டியின் பின்பக்கம் வைத்துப் பார்த்து, “முன்னால குளிரு, பின்னால ஏன் சுடுது?” என்று கேட்டான். அங்கே இருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பதிலைக் கண்டுபிடிக்கத்தான் அவன் அந்த வேலைக்குப் போனான் என்று சொன்னால் அது கதை. பள்ளிக்கூடம் பிடிக்காமல் போனான் என்பதுதான் உண்மை. ஆனால் வேலை அவனுக்குப் பிடித்துவிட்டது. அவன் கீழே தொழில் பழகிய ஆள்தான் குணா. இன்றைக்கும் சேவியை, முதலாளியைக் கூப்பிடுவது போல், “போஸ்” என்றுதான் கூப்பிடுகிறான்.

புதுசு மாட்டினோம்

சேவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவன் அறையில் குணா ஒரு ஏர்கோன் மாட்டிக் கொடுத்தான். பல ஆண்டுகள் உழைத்தது. காலப்போக்கில் அதற்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் சமையலறையை நீட்டிக் கட்டியதில், எங்கள் வெளிப்பெட்டி இரண்டு சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அது வெளியே தள்ளிய சூட்டை அதுவே திரும்பி இழுத்தது. சர்வீஸ் செய்தாலும் சில வாரம்தான் தாங்கும்.

புகைமூட்டம் வந்த அந்த ஆண்டின் தொடக்கத்தில் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். குணா ஒரு இன்வெர்ட்டர் ஏர்கோன் கொண்டு வந்தான். அறை கேட்ட குளிர் வந்துவிட்டால் தானே மெதுவாக ஓடும், சூடேறினால் தானே வேகமெடுக்கும். பழையது போல் தடால் தடால் என்று நின்று ஓடாது என்று விளக்கினான்.

“ஆன்டி, இது புத்தியுள்ள மெஷின்.”

“புத்தியுள்ளதெல்லாம் வீட்டுல வேணாம்பா. சொன்னதைச் செஞ்சா போதும்” என்றார் அம்மா.

வெளிப்பெட்டியைப் பின்கட்டுப் பக்கம் மாற்றியதால், உள்பெட்டியும் எதிர்ச்சுவருக்குப் போனது. முன்பு சேவியின் தலைப்பக்கச் சுவரில் இருந்தது, இப்போது அவன் கால்பக்கச் சுவரில். யாருக்கும் இதில் ஒரு குறையும் தோன்றவில்லை.

குறை அன்று மாலை, அம்மா செபமாலைக்கு உட்கார்ந்தபோது தெரிந்தது. விளக்கு அணைந்துவிட்டது.

விளக்கு

சேவியின் தலைப்பக்கச் சுவரில் ஒரு மரத்தட்டு. அதில் மாதா சுரூபம். அதன் முன்னால் சிவப்புக் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் விளக்கு.

அம்பாங்கிலிருந்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளில், கண் திறக்காமல் கிடந்தவன் பக்கத்தில் நின்று அம்மா ஒரு நேர்ச்சை செய்தார். இவன் கண் திறந்தால், இவன் மூச்சு இருக்கும்வரை மாதா முன்னால் விளக்கு அணையாது என்று. அவன் கண் திறந்தான். அம்மா அன்றிலிருந்து விளக்கை அணையவிட்டதில்லை. ஞாயிறு பூசைக்குப் போவதற்குமுன் எண்ணெய் பார்ப்பார், வந்ததும் எண்ணெய் பார்ப்பார். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனாலும் பாதி வழியில் நின்று, “பிலோ, எண்ணெய் ஊத்தினேனா?” என்று எனக்குப் போன் வரும்.

பழைய ஏர்கோன் விளக்கின் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் ஊதியது. புதியது நேராக விளக்கின் மேல் ஊதியது.

அம்மா முகம் அன்று வெளுத்துப் போனது. விளக்கை ஏற்றுவார், அணையும். ஏற்றுவார், அணையும். நான் மின்விளக்கு ஒன்று வாங்கி வந்தேன். தீ ஆடுவது போலவே ஆடும். “மாதாவுக்கு பிளாஸ்டிக் நெருப்பா?” என்று அதை அலமாரிக்குள் வைத்துவிட்டார். உயரமான கண்ணாடிக் கூண்டு வாங்கினேன்; மேலிருந்து விழும் காற்று அதற்குள்ளும் புகுந்தது. தட்டைக் கழற்றிக் கூடத்தில் வைக்கலாம் என்றேன். “நேர்ச்சை யாருக்கு? கூடத்துக்கா?” என்றார். ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்து போய்ப் பார்ப்பார். எண்பதை நெருங்கும் உடம்பு.

ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது, ஏர்கோனின் வாயடியில் ஒரு பலகை தொங்கியது. எங்கள் கோயில் திருவிழாவில் பெண்கள் போட்ட பலகாரக் கடையின் விளம்பரப் பலகை. உள்ளே பள்ளம் பள்ளமாக இருக்கும் லேசான பிளாஸ்டிக். அம்மா அதை ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் திரைச்சீலைக் கம்பியோடும் ஜன்னல் கம்பியோடும் இழுத்துக் கட்டியிருந்தார். வந்த காற்று பலகையில் மோதி மேலே போனது. விளக்கு ஆடாமல் நின்றது.

பலகையின் எழுத்து கீழ்ப்பக்கம் இருந்தது. கட்டிலில் படுத்திருப்பவன் கண்ணுக்கு நேராக, பெரிய சிவப்பு எழுத்தில், ‘கரிபாப்! சூடாக!’

“பாருக்கா, மேல போர்டு, கீழ சரக்கு” என்றான் சேவி.

நாங்கள் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். பலகையைப் பற்றி அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

குணாவின் முன்னால் நல்ல பிள்ளை

பிறகு அறை குளிர மறுத்தது.

முதல் நாட்களில் நன்றாக இருந்த ஏர்கோன், வெளியே வெயில் ஏற ஏற வெறும் காற்றை ஊதியது. குணா வந்தான். ஃபில்டரைக் கழுவினான், கேஸ் அளவு பார்த்தான். எல்லாம் சரி. ஓட்டிக் காட்டினான், அறை பனிபோல் குளிர்ந்தது. அவன் போன பிறகு அன்று மாலையே பழைய கதை.

மறுபடி வந்தான். வெப்பம் அறியும் சென்சரை மாற்றினான். மறுபடி குளிர். மறுபடி போனதும் சூடு. நான் பொறுமையிழந்து வேறொரு ஆளையும் வரவழைத்தேன். அவரும் பார்த்துவிட்டு, “மெஷினுக்கு ஒண்ணும் இல்ல ஆன்டி, நீங்க கதவைத் திறந்து திறந்து மூடுறீங்களா?” என்று எங்களையே சந்தேகப்பட்டார்.

இவர்கள் எல்லாம் வந்தது வார நாட்களில். நான் ஷா ஆலமில் இருப்பேன். அதனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் போனது.

வீட்டுக்கு வேலைக்காரர் யார் வந்தாலும் அம்மா முதலில் வீட்டை ஒழுங்குபடுத்துவார். குழாய்க்காரர் வந்தால் குளியலறையைத் தேய்த்து வைப்பார். மின்சாரக்காரர் வந்தால் மீட்டர் பெட்டியைத் துடைப்பார். வருகிறவர்கள் நம் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கவலை. ரயில்வே குடியிருப்பில், அதிகாரி பார்வையிட வரும் நாட்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. குணா வருகிறான் என்றால் தண்ணீர் தெறிக்கும், தூசி விழும். எனவே மாதாவையும் விளக்கையும் பத்திரமாகக் கூடத்துக்குக் கொண்டுபோவார். விளக்கு அங்கே போனபின் பலகைக்கு என்ன வேலை? கரிபாப் பலகை தொங்குவதைப் பார்த்தால் குணா சிரிப்பான். அதனால் கயிற்றை அவிழ்த்துப் பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்.

குணா வந்து பார்ப்பான், அறை குளிரும், அவன் போவான். அவன் மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் மாதா அறைக்கு வருவார், விளக்கு வரும், பலகை ஏறும்.

இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், குணா இருந்தால் குளிர்கிறது, குணா இல்லாவிட்டால் குளிரவில்லை.

“அவனை இங்கேயே தங்கச் சொல்லிடலாமா?” என்று கேட்டேன்.

“அவன் பொண்டாட்டி விடணுமே” என்றான் சேவி. அவன் அன்றைக்கு அதற்குமேல் பேசவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது, அன்று தோன்றவில்லை.

பிறகு காற்று திசை மாறியது. எங்கேயோ எரிந்த காட்டின் புகை எங்கள் தெருவுக்கு வந்து உட்கார்ந்தது. ஜன்னல்களை மூடினோம்.

சொல்லாமல் வந்தவன்

அந்தச் சனிக்கிழமை மதியத்துக்குத் திரும்புகிறேன்.

வெப்பமானி இன்னும் ஏறியிருந்தது. சேவி பேச்சைக் குறைத்துவிட்டான். அவன் பேசாமல் இருப்பது எனக்கு வெப்பமானியைவிடப் பயத்தைத் தந்தது. காது மடல்கள் சிவந்து கிடந்தன. நான் ஆம்புலன்ஸ் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம்.

குணா, முகமூடியோடு, கருவிப் பையோடு நின்றான். “வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்கா, போன் எடுக்க முடியல. எப்படியும் இங்கதான் வந்துக்கிட்டு இருந்தேன்.”

“யாரு சொன்னா உன்கிட்ட?”

“யாரும் சொல்லல. நான் வர்றேன்னு சொன்னா இந்த மெஷின் நல்ல பிள்ளை மாதிரி நடிக்குது. சொல்லாம வந்து பாக்கலாம்னு…”

பேசிக்கொண்டே அறைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றான். அம்மா ஈரத் துண்டோடு திரும்பினார். அவர் கண் முதலில் பலகைக்குப் போனது, பிறகு குணாவுக்கு. விருந்தாளி முன்னால் அழுக்குத் துணியோடு மாட்டிக்கொண்டவர் மாதிரி ஆகிவிட்டார்.

“அது… விளக்குக்காகப்பா. காத்து படுதேன்னு…”

“அலாமாக்” என்றான் குணா. பையைக் கீழே போட்டான். கையைத் தூக்கிப் பலகைக்கும் ஏர்கோனுக்கும் நடுவே நீட்டினான். “ஆன்டி, இங்க கையை வச்சுப் பாருங்க. ஐஸ் மாதிரி இருக்கு. குளிரு பூரா இந்தப் பலகையில மோதி, அப்படியே சுத்தி, மேல மெஷின் மூச்சு இழுக்கிற இடத்துக்கே போகுது. மெஷினு என்னா நினைக்கும்? ஆஹா, ரூம் குளிர்ந்துபோச்சு, நம்ம வேலை முடிஞ்சுதுன்னு தூங்கிடும் லா!”

அறை வெந்துகொண்டிருக்க, ஏர்கோன் தன் குளிரைத் தானே குடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறது.

குணா கட்டில் பக்கம் குனிந்தான். “போஸ், உங்களுக்கு இது தெரியலையா? நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தது, முன்னால எதுவும் மறைக்கக் கூடாதுன்னு?”

சேவி கண்ணை மூடியிருந்தான்.

“தெரியும்” என்றான்.

“என்னடா தெரியும்?” இது அம்மா.

“கட்டின அன்னைக்கே தெரியும்.”

அம்மா கட்டிலை நெருங்கினார்.

“ஏன் சொல்லல?”

“என்னான்னு சொல்றது? நாற்காலி மேல ஏறி, கை நடுங்க நடுங்கக் கட்டுனீங்க. அப்புறம் விளக்கு அணையல. அன்னைக்குத்தான் நீங்க ராத்திரி எழுந்திருக்காம தூங்குனீங்க. குறட்டை இங்க வரைக்கும் கேட்டுச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டான். “நான் நினைச்சேன், கொஞ்ச நாள் சமாளிச்சிடலாம்னு. புகை வரும்னு தெரியாதும்மா.”

அம்மா கையிலிருந்த துண்டு வாளிக்குள் விழுந்தது.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததே இல்லை. சமையலறைக்குப் போனார், மீன் வெட்டும் கத்தியோடு திரும்பி வந்தார். குணா இரண்டடி பின்வாங்கினான். அம்மா ராஃபியா கயிறுகளை அறுத்தார். பலகை ஒரு பக்கம் தொங்கி, பிறகு முழுதாகத் தரையில் விழுந்தது.

குளிர்ந்த காற்று அறையின் குறுக்கே ஓடியது. விளக்கு ஒருமுறை தலை சாய்ந்து அணைந்தது. திரிப் புகை சேவியின் தலைக்கு மேல் சுருண்டு போனது.

அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“விளக்கு அணைஞ்சா வீட்டுல தீப்பெட்டி இருக்குடா” என்றார், கத்தியை ஆட்டி. “நீ போயிட்டா என்கிட்ட என்னா இருக்கு? சொல்லு. என்னா இருக்கு?”

“கத்தியைக் கீழ வைங்கம்மா” என்றான் சேவி மெதுவாக. “குணா பயப்படுறான்.”

காத்திருந்தோம்

பின்கட்டில் வெளிப்பெட்டி வேகமெடுக்கும் சத்தம் கேட்டது. முதலில் முனகல், பிறகு சீரான இரைச்சல். அந்தச் சத்தத்தை அத்தனை ஆசையோடு நான் கேட்டதில்லை. சேவி கண்ணை மூடியபடி, “ஏறுது… ஏறுது… ஆங், புடிச்சிடுச்சு” என்று வர்ணனை செய்தான்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று எனக்குள் இன்னும் இழுபறி. கொஞ்ச நேரம் பார்ப்போம், ஒரு புள்ளி ஏறினாலும் கூப்பிட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் மறுக்கவில்லை. நானும் அம்மாவும் துண்டுகளை மாற்றினோம். குணா வீட்டுக்குப் போகாமல் கட்டிலின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். அம்மா மதியம் செய்த மீன் குழம்பைப் போட்டுக் கொடுத்தார்; தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். கண் மட்டும் என் கையிலிருந்த வெப்பமானியிலேயே இருந்தது.

முதல்முறை பார்த்தபோது அதே அளவு. அடுத்த முறை அதே அளவு. அதற்கு அடுத்த முறை, புள்ளிக்குப் பின்னால் இருந்த எண் ஒன்று இறங்கியிருந்தது.

நான் நம்பாமல் மறு காதிலும் வைத்துப் பார்த்தேன்.

“என்னாக்கா?” என்றான் குணா, வாயில் சோற்றோடு.

“இறங்குது.”

அம்மா சட்டென்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். யாரோ தோளைப் பிடித்து உட்காரவைத்தது போல் இருந்தது. மாலைக்குள் அது முப்பத்தேழுக்கு வந்தது. ஆம்புலன்ஸ் எண்ணைத் திரையிலிருந்து எடுத்தேன்.

மாதாவுக்குப் புது இடம்

விளக்கை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருந்தது. இந்த முறை சேவியிடமே கேட்டோம்.

“ஏர்கோனுக்கு நேர் கீழ வைங்க” என்றான். “அது காத்தை முன்னாடிதான் தள்ளும். சுவர் ஓரமா, அதோட காலடியில, காத்தே இருக்காது.”

குணாவுக்கு அதில் முழுச் சம்மதமில்லை. “போஸ், விளக்குக் கரி மேல ஏறும். மெஷின் அதையும் சேத்து இழுக்கும். ஃபில்டர் சீக்கிரம் அடைச்சுக்கும்.”

“அடைச்சா?”

“அடிக்கடி கழுவணும்.”

“கழுவுறது எப்படின்னு காட்டு” என்றார் அம்மா.

குணா மூடியைத் தூக்கிக் காட்டினான். ஃபில்டர் சட்டத்தை எப்படி மேலே தள்ளி வெளியே இழுப்பது, எப்படித் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவது என்றும் சொன்னான். நாற்காலியில் ஏறக் கூடாது, பிலோ அக்கா எடுத்துத் தருவாங்க என்று நிபந்தனை போட்டான். மரத்தட்டைக் கழற்றிக் கால்பக்கச் சுவரில், ஏர்கோனுக்குக் கீழே சற்றுத் தள்ளி அடித்துக் கொடுத்தான். அம்மா விளக்கை ஏற்றினார். தீ நிமிர்ந்து நின்றது. அறை குளிர்ந்துகொண்டே இருந்தது.

சேவி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா. இத்தனை வருஷம் இது என் தலைக்குப் பின்னாடி இருந்துச்சு. நான் பார்த்ததே இல்ல. கிண்ணம் சிவப்புன்னுகூடத் தெரியாது.”

நாங்கள் யாருமே அதை யோசித்ததில்லை. அவனுக்காக எரிந்த விளக்கை அவன் ஒருவன்தான் பார்க்காமல் இருந்திருக்கிறான்.

அதிலிருந்து சனிக்கிழமை காலைகளில் நான் ஃபில்டரைக் கழற்றித் தருகிறேன். அம்மா பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து, பழைய பல்துலக்கியால் கண்ணி கண்ணியாகத் தேய்க்கிறார். கரியும் தூசியும் கறுப்புத் தண்ணீராக ஓடும். முணுமுணுப்பது கேட்கும். அது செபமா, கரியைத் திட்டுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குணா அடுத்த முறை சர்வீஸுக்கு வந்து திறந்து பார்த்துவிட்டு, “என் வேலையை எடுத்துட்டீங்களே ஆன்டி” என்றான்.

மழைக்குப் பிறகு

சில வாரங்களில் மழை வந்தது. ஒரே ராத்திரியில் பெய்து, புகையைக் கழுவிக்கொண்டு போனது. பின்வீட்டு மாமரம் பச்சையாகத் திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிறு மாலை, சேவியின் அறைக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் பட்டது. அம்மா கட்டிலோரத்து நாற்காலியில், தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். செபமாலை விரலிலிருந்து நழுவி மடியில் கிடந்தது.

விளக்கு எரியவில்லை. எண்ணெய் தீர்ந்து திரி கருகியிருந்தது.

நான் தேநீரை வைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினேன். சேவி தலையை ஆட்டினான்.

“விடுக்கா” என்றான், உதட்டளவில். “கிழிக்கிற சத்தத்துல எழுந்திடுவாங்க.”

“எவ்ளோ நேரமா?”

“ரொம்ப நேரமா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

நானும் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தேன். ஏர்கோன் மெல்லிய சத்தத்தோடு ஓடியது. சேவி தேநீர் கேட்டான்; உறிஞ்சு குழலை அவன் வாயில் வைத்துப் பிடித்தேன். பாதி குடித்தான்.

அம்மா கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. அவர் பார்வை நேரே எதிர்ச்சுவருக்குப் போனது. விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்தார்.

அவர் எழுந்து, சேவியின் நெற்றியில் புறங்கையை வைத்தார். பிறகு கழுத்தில். பிறகு காதுக்குப் பின்னால்.

“குளுகுளுன்னு இருக்கேடா” என்றார்.

“காது ரொம்பக் குளிருதும்மா.”

அம்மா அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவன் காது இரண்டையும் மூடித் தாடைக்கடியில் முடிச்சுப் போட்டார். பல்வலிக்காரன் மாதிரி ஆகிவிட்டான். அதைப் பார்த்து மூவரும் சிரித்தோம். அதற்குப் பிறகுதான் அவர், அவசரமில்லாமல், எண்ணெய்ப் புட்டி எங்கே என்று கேட்டார்.